அளவுகோலும் அளவையும்: அறிவியல் பட்டமாக மானிடவியல்

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மானிடவியல் பயில்வோர்க்கு இளநிலை அறிவியல் பட்டம் வழங்கப்படுகிறது. உயிரியல் மானிடவியல், சமூக மானிடவியல், பொருட்பண்பாடு ஆகியன அங்கு ஒரே பாடத்திட்டத்துள் அடங்கும். மகளோ மகனோ மானிடவியல் படிக்கப் போவதாகச் சொல்லும்போது, புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோர் பலருக்கு அப்பட்டப் பெயரிலுள்ள 'அறிவியல்' என்னும் சொல்லே ஆறுதலாக அமைவதுண்டு. ஆயின் அச்சொல்லுக்கு இத்துறையில் என்ன பொருள் என்பது இன்னும் முடியாத வழக்கு. சமுதாயத்தைப் பற்றியும் இயற்கை அறிவியல் ஒன்று இயலும் என ராட்கிளிஃப்-பிரவுன் வாதிட்டார். 1950இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய சொற்பொழிவில் எவன்ஸ்-பிரிட்சர்டு அதனை மறுத்துச் சமூக மானிடவியலை வரலாற்றின் பக்கம் சேர்த்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இத்துறை 1998இல் இரண்டாகப் பிரிந்து 2007இல் மீண்டும் ஒன்றாயிற்று. அமெரிக்க மானிடவியல் கழகம் 2010இல் தன் நீண்டகாலத் திட்ட அறிக்கையிலிருந்து 'அறிவியல்' என்னும் சொல்லை நீக்கியபோது எழுந்த பூசல் நாளிதழ்கள்வரை சென்றது.

தமிழர்க்கு இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. இவ்வறிவியலால் அளக்கப்பட்ட மக்கள் அவர்கள். மருத்துவக் கல்வி பெற்றவரும் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராய் விளங்கியவருமான எட்கர் தர்ஸ்டன், அருங்காட்சியகத்திற்கு வந்தோரையும் ஊரூராகச் சென்று கண்டோரையும் நிறுத்தி மூக்கின் அகலத்தையும் தலையின் நீளத்தையும் குறித்துக்கொண்டார். அப்பணியில் கே. ரங்காச்சாரி துணைநிற்க, 1909இல் வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் இன்றும் மேற்கோளாகின்றன. அவற்றில் வழக்காறுகளைப் பதிந்த பக்கங்கள் பயனுடையன. அளவீட்டுப் பக்கங்களின் நிலை வேறு. மூக்கின் அகலம் கூடக்கூடச் சாதியின் சமூக நிலை தாழும் என்னும் ரிஸ்லியின் 'விதி' செல்வாக்குப் பெற்றிருந்த காலத்தில் எடுக்கப்பட்ட அளவுகள் அவை. தமிழில் 'அளவை' என்பது அளத்தலை மட்டுமன்றி, ஒன்றை உண்மையென அறிதற்குரிய வாயிலையும் குறிக்கும். மணிமேகலையின் அளவைவாதி பேசுவது அப்பொருளிலேயே. தர்ஸ்டனிடம் அளவுகோல் இருந்தது, அளவை இல்லை.

இதனால் அளத்தலையே பழிப்பது பொருந்தாது. இன்றைய சமூக மானிடவியல் நூல்கள் பல இவ்விடத்தில்தான் அவசரப்படுகின்றன. இனவாத அளவீட்டைப் பெரிதும் தகர்த்தது மற்றோர் அளவீடே. ஃபிரான்ஸ் போவாஸ் நியூயார்க்கில் குடியேறியோரும் அவர்தம் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 18,000 பேரை அளந்து, நிலையானதெனக் கருதப்பட்ட தலைவடிவம் ஒரே தலைமுறையில் மாறக்கூடியதெனக் காட்டினார். மூலத் தரவுகளை 1928இல் அச்சிட்டும் வைத்தார். எழுபது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர், 2002இல் சிலர் அம்முடிவை மறுத்ததும் 2003இல் வேறு சிலர் பெரும்பாலும் சரியென நிறுவியதும் அத்தரவுகளைக் கொண்டுதான். இந்தியாவில் மகலனோபிஸ், வங்கக் குலங்களைப் பற்றிய ரிஸ்லியின் அளவுகளை 1933இல் மீண்டும் சோதித்துப் பிழைகளை எடுத்துக்காட்டினார். கார்ல் பியர்சனின் இன ஒப்புமைக் குறியீட்டை ஏற்காது அவர் அமைத்த தொலைவளவு, இன்று மானிடவியலுக்கு வெளியே புள்ளியியலெங்கும் வழங்குகிறது. பியர்சன் பணியாற்றிய நிறுவனமும் மேற்குறித்த இலண்டன் கல்லூரியே. பியர்சன், கால்ட்டன் ஆகியோர் பெயர்களை அது தன் கட்டடங்களிலிருந்து 2020இல் நீக்கியது. பெயரை நீக்குவது எளிது. பியர்சனுக்கும் மகலனோபிசுக்கும் இடையே எழுந்த கருத்து வேறுபாட்டைப் பாடமாக்குவதே மாணவர்க்குக் கூடுதல் பயன் தரும்.

அப்படியாயின் களஆய்வின் நிலை என்ன? இலங்கையில் பிறந்த வாலன்டைன் டேனியல், திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஆய்ந்து 1984இல் வெளியிட்ட 'ஃப்ளூயிட் சைன்ஸ்' குறியியல் வழிப்பட்ட நூல். அறிவியல் என்று அதனை எவரும் அழைப்பதில்லை. ஆயினும் அதன் வலிமையான பகுதியொன்று எளிய சோதனையில் நிற்கிறது. ஊரார் தம் இருப்பிடத்தைக் 'கிராமம்' எனக் கொண்டு வரையும்போது எல்லைக்கோடு முதன்மை பெறுகிறது. 'ஊர்' எனக் கொண்டு வரையும்போது கோயிலும், வெளியார் நுழையும் வழிகளும், அவற்றைக் காக்கும் தெய்வங்களும் முன்வருகின்றன. இச்சோதனையை ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு தஞ்சையிலோ டொராண்டோவிலோ எவரும் மீண்டும் செய்து பார்க்கலாம். டேனியல் கூறியதை மறுக்கவும் செய்யலாம். நூலின் பிற பகுதிகள், குறிப்பாக உடற்பொருள் பரிமாற்றம் பற்றிய விரிந்த விளக்கங்கள், இவ்வாறு சோதிக்க இடந்தருவதில்லை; அவற்றின் நயத்தை ஏற்போர் அவ்வேறுபாட்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே அறிவியல் என்னும் அடைமொழிக்கு உரியது எது என்பதை ஆய்வுக்கூடம், களம் என்னும் பிரிவு தீர்மானிப்பதில்லை. தர்ஸ்டனின் கருவிகளைக் காட்டிலும் டேனியலின் தாள் அறிவியலுக்கு அணுக்கமானது. இன்றைய பாடத்திட்டங்களில் எலும்பளவையும் புள்ளியியலும் ஒரு பருவத்திலும், உறவுமுறையும் சடங்கும் வேறொரு பருவத்திலும், வெவ்வேறு ஆசிரியர்களால் ஒன்றையொன்று நோக்காமலே கற்பிக்கப்படுவதுண்டு. தர்ஸ்டனின் ஓர் அட்டவணையையும் மகலனோபிசின் 1933ஆம் ஆண்டுக் கட்டுரையையும் டேனியலின் ஊர்ப்படங்களையும் ஒரே வாரத்தில் ஒரே மேசைமேல் வைத்துப் படிக்கும் வகுப்பு தமிழ் மாணவர்க்கு வேண்டும். பட்டத்தின் பெயர் எதுவாயினும்.