டெல்லி நிரம்பியது யாரால்?

டெல்லியில் தண்ணீர் லாரி வரவில்லையா, மெட்ரோவில் நிற்க இடமில்லையா, பழி ஒரே ஆள்மீதுதான் விழும்: வெளியூரிலிருந்து வந்தவன். பழி சொல்பவரின் தாத்தாவும் எங்கிருந்தோ வந்தவராகத்தான் இருப்பார், அது வேறு விஷயம். முதல்வராக இருந்த ஷீலா தீட்சித்தே 2007-இல் உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து வருவோரைச் சுட்டிப் பேசிக் கண்டனத்துக்கு ஆளானார். இந்த வாதத்தை வெறும் துவேஷம் என்று ஒதுக்குவது சுலபம். எண்களோடு உரசிப் பார்ப்பதே நியாயம்.

1941-இல் டெல்லியின் மக்கள்தொகை 9.18 லட்சம். 1951-இல் 17.44 லட்சம். அதன்பின் 1991 வரை ஒவ்வொரு பத்தாண்டிலும் ஐம்பது சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி. ஆனால் 2001-க்கும் 2011-க்கும் இடையில் வளர்ச்சி 21 சதவீதமாகச் சரிந்தது. 1921-க்குப் பிறகு இவ்வளவு குறைந்த விகிதம் வந்ததே இல்லை. புது டெல்லி மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு மக்கள் குறைந்தார்கள். மத்திய டெல்லியில் பத்தில் ஒரு பங்கு. அதே பத்தாண்டில் எல்லைக்கு அப்பால் குருகிராம் மாவட்டம் எழுபது சதவீதத்துக்கு மேல் பெருத்தது. வருவோர் நின்றுவிடவில்லை. நில விலையும், 2004-இல் யமுனைக் கரைக் குடிசைகளை இடித்ததுபோன்ற நடவடிக்கைகளும் அவர்களை எல்லைக்கு வெளியே தள்ளின என்றே நான் வாசிக்கிறேன்.

'உலகின் மிகப் பெரிய நகரம்' என்ற பட்டத்தையும் எச்சரிக்கையோடுதான் எடுக்க வேண்டும். 2028 வாக்கில் டெல்லி டோக்கியோவை முந்தும் என்று ஐ.நா. 2018-இல் கணித்தது. 2025 அறிக்கையில் அளக்கும் முறை மாறியது; ஜகார்த்தா முதலிடம், அடுத்து டாக்கா, பிறகு டோக்கியோ, அதன் பின்னால்தான் டெல்லி. நகரத்தின் எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில் கோடிக்கணக்கானவர்கள் சேர்கிறார்கள், விடுபடுகிறார்கள்.

கூட்டத்தைச் சுற்றுவட்ட நகரங்களுக்குத் திருப்பிவிடத்தான் 1985-இல் தேசியத் தலைநகர் வட்டாரத் திட்ட வாரியம் சட்டப்படி அமைக்கப்பட்டது. 2001-இல் டெல்லியை 112 லட்சத்துக்குள் நிறுத்துவது அதன் இலக்கு. வந்தது 138 லட்சம். குருகிராமை வளர்த்தது தனியார் கட்டுமான நிறுவனங்களும் கணினித் துறையும்தான். வாரியம் அதற்கு உரிமை கோர முடியாது.

வந்தவர்களுக்கு இடம் ஒதுக்க அரசால் முடியுமா என்ற கேள்விக்குப் பிரிவினைக் காலத்தைப் பார்ப்போம். அப்போது சுமார் 5 லட்சம் அகதிகள் வந்து சேர்ந்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேறியதையும் மறக்கக்கூடாது. அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளும் கணக்கில் உண்டு. ஆனாலும் மறுவாழ்வு அமைச்சகம் மனை பிரித்து, வீடு கட்டி, லாஜ்பத் நகர், ராஜேந்தர் நகர், பட்டேல் நகர் என்று குடியிருப்புகளை எழுப்பியது. இன்று அவை மதிப்புமிக்க பகுதிகள். அங்கு வசிப்போரை யாரும் ஆக்கிரமிப்பாளர் என்பதில்லை. அன்று நிலம் தாராளம், அரசுக்கு வேறு வழியும் இல்லை என்று சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1957-இல் டெல்லி வளர்ச்சி ஆணையம் பிறந்ததற்குப் பிறகு நிலம் பெருமளவில் அரசின் கைக்கே வந்ததே? கூலிக்கு வந்தவனுக்கு அதில் என்ன கிடைத்தது? 2019-இல் மத்திய அரசு சொத்துரிமை தர முன்வந்தபோது பட்டியலில் இருந்த அங்கீகாரமற்ற காலனிகள் 1,731. வசிப்போர் சுமார் 40 லட்சம் என்று அரசே சொன்னது. இத்தனை பேர் திட்டத்துக்கு வெளியே வாழ்கிறார்கள் என்றால் தவறு திட்டத்தில்தான்.

எதிர்வாதத்தின் வலுவான முனை வேறு: வீடு தந்தால் இன்னும் பலர் வருவார்களே? தண்ணீருக்கு ஹரியானாவையும் உத்தரப் பிரதேசத்தையும் எதிர்பார்க்கும் ஊர் எத்தனை பேரைத் தாங்கும்? தண்ணீர்க் கவலை உண்மையானது. முதல் பாதி நிற்காது. டெல்லியின் தனிநபர் வருமானம் தேசிய சராசரியைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. குடிசை கிடைக்கும் என்று எவனும் ரயிலேறுவதில்லை, கூலிக்காக ஏறுகிறான். நாடு முழுவதும் இடப்பெயர்வே குறைகிறது என்று பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024 டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது: இடம்பெயர்ந்தோர் 2011-இல் 45.57 கோடி, 2023-இல் 40.20 கோடி. முன்பதிவில்லா ரயில் டிக்கெட், செல்பேசித் தரவு ஆகியவற்றிலிருந்து கணித்த எண் இது. குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம், சான்றாக அல்ல.

நம்மவர் கதைக்கு வருகிறேன். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள், பெரும்பாலோர் தமிழர்கள். வடிகால் அடைப்பால் வெள்ளம் வருகிறது என்ற உயர்நீதிமன்றத்தின் காரணத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 189 குடும்பங்களே. அந்த வீடுகளும் டெல்லியின் வடகோடியில், நரேலாவில். வீட்டுவேலை ஜங்புராவில், வீடு நரேலாவில் என்றால் பிழைப்பு எப்படி நடக்கும்? அங்கே 'மதராசி' என்று கேட்கும் அதே ஏளனம் திருப்பூரில் 'வடக்கன்' என்று நம் வாயிலிருந்து வருவதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது: வந்தவர்களால் டெல்லி நிரம்பியது உண்மை, சீர்கெட்டது அவர்களால் அல்ல. எங்கும் குடியேறும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு தந்திருக்கிறது. அந்த உரிமைக்கு இடம் ஒதுக்காத நிர்வாகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும். இடத்தில் மட்டுமல்ல, கணக்கிலும் வந்தவர்கள் விடுபடுகிறார்கள்: உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் டெல்லிக்கான ரேஷன் உச்சவரம்பு இன்றும் சுமார் 73 லட்சம் பேர், 2011 கணக்கெடுப்பை வைத்து. அடுத்த கணக்கெடுப்புக்கு அரசு குறித்திருக்கும் நாள் 2027 மார்ச் 1.