டிஸ்க் ஏறியும் நிற்காத மைனர்

கொழும்பில் பழைய மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களிடையே முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் பூட்டும் ஆசை பரவலானது. பூட்டிய சில நாள்களிலேயே முறைப்பாடும் வந்துவிடும். "கொட்டாஞ்சேனையில இருந்து வெள்ளவத்தைக்கு வந்து சேரக்குள்ள முன் சில்லு ரெண்டும் கொதிக்குது" என்பார்கள். "பெடல் அடிவரைக்கும் போகுது" என்பார்கள். கராஜில் கிடைக்கும் முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: எயர் எடுத்துப் பார்ப்போம். என் கணிப்பில் இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை புதிய டிஸ்க்கில் பிறப்பதில்லை. கழற்றாமல் விட்ட பழைய உறுப்புகளே அவற்றுக்குக் காரணம்.

ஆசையில் நியாயம் இல்லாமல் இல்லை. 1948இல் வெளிவந்து 1971 வரை தயாரான கார் இது. கடைசிக் காலம் வரைக்கும் நான்கு சில்லுகளிலும் ட்ரம்தான்; முன் ட்ரம்மின் விட்டம் 1962 வரை 7 அங்குலம், 1098 சிசி எஞ்சின் வந்தபின் 8 அங்குலம். இந்தச் சிறு ட்ரம்மை நம்பி நுவரெலியாவிலிருந்து றம்பொடை வளைவுகளில் இறங்கினால், சூடேறச் சூடேறப் பிடிப்புக் குறையும். மழைவெள்ளத்தில் இறங்கி ஏறினாலும் அதே கதி. டிஸ்க் திறந்த வெளியில் சுழல்வதால் சூட்டையும் நீரையும் விரைவில் உதறிவிடும். பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஜப்பானிய எஞ்சினை மைனருக்குள் இறக்கியவருக்கு டிஸ்க் ஆடம்பரமல்ல. 2020இல் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 வரை கதவு திறக்காதிருந்த காலம், பழைய காரைத் திருத்தி ஓட்டுவதற்கு இன்னொரு காரணத்தையும் தந்தது.

சிக்கல் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கிறது. ட்ரம் பிரேக்குக்கென்று செய்த மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சிறு வால்வு உண்டு. காலை எடுத்த பிறகும் குழாயில் ஏறத்தாழ 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை அது தேக்கி வைக்கும். ட்ரம்முக்கு அதனால் தீங்கில்லை; சூவைப் பின்னுக்கு இழுக்க வலுவான ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க்கில் ஸ்பிரிங் கிடையாது. சீல் ரப்பர் தன் வடிவுக்கு மீளும்போது பிஸ்டனை மயிரிழை அளவு பின்னிழுப்பதோடு சரி. தேங்கிய அழுத்தம் அதையும் தடுத்துவிட, பேட் டிஸ்க்கில் உரசிக்கொண்டே ஓடும். கொதிக்கும் சில்லின் கதை பல நேரம் இதுதான். வால்வை எடுத்துவிட வேண்டும். கலிப்பரைவிட மாஸ்டர் சிலிண்டர் தாழ்ந்திருந்தால், ஒயில் திரும்பி வழியாதபடி முன் குழாயில் 2 பி.எஸ்.ஐ. வால்வு ஒன்றைப் போட வேண்டும்.

இதை ஏன் செய்வதில்லை? மைனரில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே, சாசி நீளத்தண்டுக்குள் இருக்கிறது. போல்ட்டை உருவ முயன்றால் டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். அரைநாள் வேலை. கலிப்பர் மாற்றுவது அதைவிடச் சுலபம் என்பதால் கலிப்பர் மாறுகிறது.

நம் பாஸ்மாரின் கைத்திறனை நான் குறைத்துப் பேசவில்லை. எந்தக் காரின் கலிப்பர் எந்த அச்சில் உட்காரும் என்பதைக் கண்ணாலேயே அளந்து, பிராக்கெட்டைக் கடைந்து பூட்டும் திறமை எளிதில் வராது. ஆனால் கோளாறு தேடும்போது அந்தத் திறமை சாமான் மாற்றிப் பார்க்கும் பழக்கமாகச் சுருங்கிவிடுகிறது. இறுகிய சில்லை ஜாக்கில் தூக்கி வைத்து, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து போகும் குழாயின் நட்டை முதலில் சற்றுத் தளர்த்தட்டும். சில்லு விட்டால் குற்றம் மாஸ்டரில்: அந்த வால்வாக இருக்கலாம், அல்லது தள்ளுதண்டு நீண்டுபோய் ஒயில் திரும்பும் துளையை அடைத்திருக்கலாம். விடாமல், கலிப்பரின் நிப்பிளைத் திறந்தபோது மட்டும் விட்டால், இடையிலுள்ள ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி அடைத்திருக்கிறது. அதற்கும் விடாவிட்டால் பிஸ்டனோ கலிப்பர் சறுக்கும் பின்னோ இறுகிக் கிடக்கிறது. இதற்கு ஒரு ஸ்பானர் போதும், ஒரு சாமானும் வாங்க வேண்டியதில்லை.

அடிவரை போகும் பெடலுக்கும் இப்படி ஒழுங்கு உண்டு. இடது வலது கலிப்பர்கள் மாறிப் பூட்டப்பட்டு நிப்பிள் கீழே வந்துவிட்டால், எத்தனை போத்தல் ஒயில் ஊற்றினாலும் மேலே தங்கிய காற்று வெளியேறாது. பின் ட்ரம்மின் சூ தள்ளிக் கிடந்தாலும் பெடல் நீளும். புது டிஸ்க்கின் பரபரப்பில் பின் சில்லை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இவற்றைத் தேடாமல் நேராகப் பெரிய மாஸ்டர் சிலிண்டருக்குத் தாவுவதுதான் மோசமான வைத்தியம். துளை 7/8 அங்குலத்திலிருந்து 1 அங்குலமானால் பெடல் உயரும், உண்மைதான். அதே மிதிக்குக் கிடைக்கும் அழுத்தமோ ஏறக்குறைய 23 சதவீதம் குறையும். மைனரின் முன் ட்ரம்மில் சுழற்சியே சூவை இன்னும் இறுக்கிவிடும். டிஸ்க்குக்கு அந்த உதவியும் இல்லை. கால் வலிக்கிறது என்று அடுத்து பூஸ்டர் ஏறும். இப்போது பின் ட்ரம்முக்கும் அழுத்தம் கூடிவிட, மழை நாளில் காலி வீதியில் பின் சில்லு இறுகி வால் விலகும். ஒரு நோய்க்கு மூன்று மருந்து, மூன்றுக்கும் பக்கவிளைவு.

எனக்கு உறுத்தும் குறை வேறொன்று. மைனரின் பிரேக் ஒற்றைச் சுற்று: எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளும் ஒன்றாகப் போய்விடும், மிஞ்சுவது ஹேண்ட்பிரேக். வெள்ளவத்தைக் கடற்காற்றில் இரும்புக் குழாய் எப்படித் துருவேறும் என்று அங்கே கார் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பளபளக்கும் டிஸ்க்கை அந்தக் குழாயின் நுனியில் கொண்டுபோய்ப் பூட்டுகிறோம். தனியார் காருக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றும் காப்புறுதியும் கேட்கிறார்கள், பிரேக்கைக் கேட்பதில்லை.

ஆகவே பணம் அளவாக இருந்தால் அது முதலில் போக வேண்டியது இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கும் புதுக் குழாய்களுக்கும். டிஸ்க் அதற்குப் பிறகு. நகரத்துக்குள் மட்டும் ஓடும், சொந்த எஞ்சினோடு இருக்கும் மைனருக்கு அதுவும் வேண்டாம்: நல்ல சூ, சரியாக அட்ஜஸ்ட் செய்த ட்ரம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிய பிரேக் ஒயில் போதும்.