ஜெப ஆலயத் தலைவன் யார்? நம் பிரசங்கங்களைக் குறித்து ஒரு திறனாய்வு

லூக்கா 13-ஆம் அதிகாரத்தில், பதினெட்டு ஆண்டுகள் கூனியாயிருந்த பெண்ணை ஆண்டவர் ஓய்வுநாளில் குணமாக்கியபோது ஜெப ஆலயத் தலைவன் கோபமடைந்த நிகழ்ச்சி நாம் யாவரும் அறிந்ததே. கோயம்புத்தூர் வட்டாரத்துச் சபைகளில் முப்பது ஆண்டுகளாக இப்பகுதியின்மேல் பல பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். சிலவற்றை நானே செய்துமிருக்கிறேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் அத்தலைவன் ‘அந்தக் கோயிலின் ஐயர்’ என்றே சித்திரிக்கப்படுகிறான். யவீருவும் அவ்வாறே. ஆசாரியர், வேதபாரகர், பரிசேயர், ரபீ, ஜெப ஆலயத் தலைவன் ஆகிய ஐவரும் ‘யூத குருமார்’ என்னும் ஒரே அங்கிக்குள் புகுத்தப்படுகின்றனர். இப்பழக்கம் திருமறை உரைக்குப் பொருந்துமா என்பதையும், இதனால் நம் திருச்சபைக்கு நேரிடும் இழப்பு யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லும் பொருளும்

குறை முழுவதும் பிரசங்கியார்மேல் சாரத்தக்கதன்று. நாம் பயிலும் மொழிபெயர்ப்புக்கும் இதில் பங்குண்டு. மூல மொழிச் சொல் ‘கூடிவருதல்’ என்னும் பொருளுடையது. முதலில் கூடிய மக்களையும், பின்னரே அவர்கள் கூடிய கட்டடத்தையும் அது குறித்தது. பவர் பண்டிதரின் தலைமையில் 1871-இல் நிறைவுற்ற திருப்புதலில் நாம் காணும் ‘ஜெபஆலயம்’ என்னும் சொல் அழகியதாயினும், ‘ஆலயம்’ என்றவுடன் கருவறையும் பூசையும் பூசகரும் தமிழர் நெஞ்சில் தோன்றுவது இயல்பு. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘தொழுகைக்கூடம்’ என்று பெயர்த்தது இவ்விடர்ப்பாட்டைப் பெரிதும் குறைக்கிறது. ஆனால் நம் பிரசங்க பீடங்களில் பழைய சொல்லே ஆட்சி செலுத்துகிறது.

லூக்கா 4:20-இல் ஆண்டவர் சுருளைத் திருப்பிக் கொடுத்த ‘பணிவிடைக்காரன்’ இன்னும் அதிகமாக மறக்கப்பட்டவன். இவனே யூத மரபு ‘ஹசான்’ என்று வழங்கும் ஊழியன். மிஷ்னா நூலின் சோத்தா என்னும் பகுதி, ஹசான் சுருளை எடுத்துச் சபைத்தலைவனிடம் கொடுக்க, அது கைமாறிப் பிரதான ஆசாரியனைச் சேரும் முறையைக் கூறுகிறது. சபாத் என்னும் பகுதியோ, பிள்ளைகள் வாசிக்கப் பழகும்போது மேற்பார்ப்பவனாக அவனைக் காட்டுகிறது. ஆகவே சுருளைக் காப்பவனும் பிள்ளைகளின் வாசிப்பைக் கவனிப்பவனும் அவனே. நம் சபைகளில் கோயிற்பிள்ளையும் ஓய்வுநாட் பள்ளி ஆசிரியரும் செய்யும் பணிகள் அவனிடம் ஒருங்கே இருந்தன. பிற்காலத்தில் அப்பெயர் வழிபாட்டில் மன்றாட்டுகளைப் பாடி நடத்துபவரைக் குறிப்பதாக உயர்ந்தது. தாழ்ந்ததாகக் கருதப்பட்ட பணி, காலப்போக்கில் சபையின் குரலாகவே மாறியது சிந்திக்கத்தக்கது.

2. தலைவனின் பணி

அப்போஸ்தலர் 13:15-இல் அந்தியோகியாவின் ஜெப ஆலயத் தலைவர்கள் வழிப்போக்கராக வந்த பவுலுக்கும் பர்னபாவுக்கும் ஆளனுப்பி, பேச அழைப்பு விடுக்கின்றனர். ஒழுங்கைக் காப்பதும், வாசிப்பவரையும் பேசுபவரையும் அழைப்பதும், கட்டடத்தைப் பேணுவதும் அவர்கள் கடமைகள். பிரசங்கம் அவர்களது தனியுரிமையன்று.

எருசலேமில் 1913-14-ஆம் ஆண்டுகளின் அகழ்வில் கிடைத்த தெயோதொத்துவின் கிரேக்கக் கல்வெட்டு இதனை உறுதிப்படுத்துகிறது. தானும் தன் தந்தையும் பாட்டனும் ஜெப ஆலயத் தலைவர்கள் எனக் கூறும் அவர், நியாயப்பிரமாணத்தை வாசிக்கவும் கற்பனைகளைக் கற்பிக்கவும் கூடத்தைக் கட்டியதாகவும், வெளிநாட்டிலிருந்து வருவோர்க்குத் தங்கும் விடுதியும் நீர்வசதியும் அமைத்ததாகவும் பொறித்துள்ளார். அவர் பிறப்பால் ஆசாரியரே. ஆயினும் கல்வெட்டு பேசுவது பலியைப்பற்றியன்று. வாசிப்பு, போதனை, விருந்தோம்பல் ஆகிய மூன்றைப்பற்றியே.

ரபீயும் அடிப்படையில் ஆசிரியர்; நியாயப்பிரமாணத்தைக் கற்றுத் தீர்ப்புரைப்பவர். யூத மரபின்படி பொது வழிபாட்டுக்குப் பருவமடைந்த பத்து ஆண்கள் போதும். ரபீ இன்றியமையாதவர் அல்லர். இக்காலத்தில் அமெரிக்கா போன்ற நாடுகளின் பெரிய சபைகளில் ரபீ, ஹசான், கல்விப் பொறுப்பாளர், நிர்வாக அலுவலர், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் எனப் பலர் பொறுப்பேற்கின்றனர். சீர்திருத்தப் பிரிவுகளில் பெண்களும் வழிபாட்டு எண்ணிக்கையில் சேர்வர். பெண்களுக்கு ரபீப் பட்டமும் உண்டு. ஜெர்மனியில் 1935-இல் அப்பட்டம் பெற்ற ரெகினா யோனாஸ் அம்மையார் 1944-இல் அவுஷ்விட்ஸ் முகாமில் மாண்டார். ‘யூத குருமார்’ என்னும் நம் ஒற்றைச் சொல்லில் இவர்களுள் எவரும் அடங்கார்.

3. நம் அண்டையிலிருந்த சான்று

இவ்வமைப்பைப் பார்க்க நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மேற்கே சென்றால், ஒரே பகற்பொழுதில் கொச்சியின் மட்டாஞ்சேரியை அடையலாம். 1568-இல் எழுப்பப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் அங்கே நிற்கிறது. ஏறத்தாழ கி.பி. 1000-இல் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. யூதரின் தலைவராகக் கொச்சி அரசர்கள் ஏற்றவருக்கு ‘முதலியார்’ என்பது பட்டம். சபையாரின் கூட்டத்திற்கு ‘யோகம்’ என்பது பெயர். நம் காதுக்கு இவை அந்நியமான சொற்கள் அல்ல.

கொச்சி யூதரிடையே கற்றோர் இருந்தனர். ஆயினும் பட்டம் பெற்று நிலையாகச் சபையை ஆளும் ரபீமார் மரபு அங்கு வேரூன்றவில்லை. மூப்பர்கள் ஆலோசித்தனர், வாசிக்க வல்லவர் வாசித்தனர், ஹசான் மன்றாட்டை நடத்தினார், விருத்தசேதனம் செய்யவும், முறைப்படி விலங்கறுக்கவும் பயிற்சி பெற்றோர் சபையிலேயே இருந்தனர். பெண்கள் மலையாளத்தில் பாடிய திருமறைக் கதைப்பாடல்கள் தாயிடமிருந்து மகளுக்குச் சென்றன. பம்பாய்ப் பகுதியின் பெனே இஸ்ரவேலருக்கு 19-ஆம் நூற்றாண்டில் ஆசிரியர்களையும் ஹசான்களையும் கொடுத்ததும் கொச்சியே. ரபீ இல்லாத சபை பிறருக்குப் போதகரைக் கொடுத்ததென்றால், எழுத்தறிவையும் வழிபாட்டறிவையும் அது எத்துணை பரவலாக வளர்த்திருக்க வேண்டும்!

4. மூப்பரின் குற்றம்

இவ்விடத்தில் நிறுத்திக்கொண்டால், அதுவும் ஒருதலைப் பிரசங்கமாகிவிடும். இதே மூப்பர் ஆட்சிதான் சபைக்குள் ஒரு சுவரையும் எழுப்பியது. விடுதலை பெற்ற அடிமைகளும் அவர்தம் சந்ததியாரும் ‘மெசுஹ்ராரிம்’ என வழங்கப்பட்டனர். பரதேசி ஜெப ஆலயத்தில் அவர்களுக்குச் சம இருக்கை இல்லை. நியாயப்பிரமாண வாசிப்பில் சம உரிமை இல்லை. பிறரோடு மணவுறவும் இல்லை.

இது குறித்து 16-ஆம் நூற்றாண்டிலேயே எகிப்தில் வாழ்ந்த பேரறிஞர் ரபீ தாவீது இப்னு சிம்ராவிடம் கேள்வி அனுப்பப்பட்டது. முறைப்படி நீர்முழுக்குப் பெற்று யூத நெறிக்குள் வந்தவர்கள் முழு யூதரே, அவர்களோடு மணவுறவு கொள்ளலாம் என்பது அவர் தீர்ப்பு. அவருடைய மாணாக்கரான யாக்கோபு காஸ்திரோவும் அதனை உறுதி செய்தார். தீர்ப்பு தெளிவாகவே இருந்தது. ஆயினும் பரதேசிச் சமூகத்தில் ஊர்வழக்கமே நிலைத்து நின்றது.

அச்சுவரை அசைக்க இருபதாம் நூற்றாண்டில், விலக்கப்பட்டோர் நடுவிலிருந்தே ஒருவர் எழும்பினார். அவர் வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). தேச விடுதலை இயக்கத்தில் ஈடுபட்ட அவர், சத்தியாக்கிரக முறையைத் தம் ஜெப ஆலயத்துக்குள்ளும் கொண்டுசென்றார். படிப்படியாக இருக்கை கிடைத்தது. வாசிக்கும் உரிமையும் கிடைத்தது. ‘யூத காந்தி’ என மக்கள் அவரை அழைத்தனர். அவர் ரபீயும் அல்லர், அவரைத் தலைவராக எவரும் நியமிக்கவும் இல்லை. நானூறு ஆண்டுகளுக்குமுன் உரைக்கப்பட்ட தீர்ப்பின் சாரமே அவர் போராட்டத்தில் செயலாயிற்று.

வெற்றி பிந்தியே வந்தது. 1950-களில் கேரள யூதருட் பெரும்பாலோர் இஸ்ரவேல் நாட்டுக்குச் சென்றுவிட்டனர். மட்டாஞ்சேரியில் மீந்திருந்தோரும் முதுமையடைந்து ஒவ்வொருவராக மறைய, வழிபாட்டுக்கு வேண்டிய பத்துப்பேர் சேருவது அரிதாயிற்று. இன்று அக்கூடத்தில் நுழைவோர் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளே. நீல ஓவியம் தீட்டிய சீன ஓடுகள் தரையில் பளபளக்கின்றன. அங்கே நின்றபோது நான் ஓடுகளைப் பார்க்கவில்லை. உட்கார இடம் மறுக்கப்பட்ட பெஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

5. நம்மை நோக்கி

இதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்குமுன் நம் பகுதியின் சிற்றூர்ச் சபை ஒன்றுக்கு ஞாயிறு பிற்பகலில் சென்றேன். காலையில் ஆராதனை நடந்ததா என்று கேட்டேன். “ஐயர் வரலீங்க, அதனால கோயிலைத் திறக்கலீங்க” என்றார் ஒரு முதியவர். அவ்வூரில் பட்டதாரிகள் எழுவர் இருந்தனர்; வேதத்தைத் திறந்து வாசிக்க ஒருவரும் முன்வரவில்லை. முன்னாளில் அவ்வூரில் உபதேசியார் குடியிருந்தார். அவருக்குப்பின் அவ்விடம் நிரப்பப்படவில்லை. ஓர் ஆயர் பல ஊர்களைக் கவனிக்கும் சேகரங்களில் இது அரிய காட்சியன்று.

வேறொரு சபையில் நேர்மாறான நிலையைக் கண்டேன். அங்கே குழுவினர் ஊக்கமுள்ளவர்கள். கணக்கும் கட்டடமும் ஒழுங்காயிருந்தன. ஆனால் குழுத் தேர்தல் சாதிக் கணக்கின்படியே நடந்தது. கல்லறைத் தோட்டத்திலும் அக்கணக்குத் தொடர்ந்தது. கலாத்தியர் 3:28-ஐ ஆயர் பிரசங்கித்தார். அனைவரும் “ஆமென்” என்றனர். வழக்கம் மாறவில்லை.

முதற்சபைக்குக் கொச்சியின் பொறுப்புணர்வு தேவை. இரண்டாம் சபையோ கொச்சியின் குற்றத்தில் பங்குடையது. ஆகவே குருமார் ஆட்சியா, பொதுநிலையினர் ஆட்சியா என்ற நம் நெடுநாள் வாதம் பிரச்சினையின் பாதியை மட்டுமே தொடுகிறது. யார் தலைமை தாங்கினாலும், தன் சொந்த வழக்கத்துக்கு எதிராக வசனம் பேசும்போது அத்தலைமை கீழ்ப்படிகிறதா என்பதே மீதிப் பாதி. லூக்கா 13-இன் தலைவன் இடறியதும் அங்கேயே. அவன் யூதனாயிருந்ததாலும் அன்று, நியாயப்பிரமாணத்தை நேசித்ததாலும் அன்று. தன் கண்முன் நிமிர்ந்து நின்ற ஆபிரகாமின் குமாரத்தியைவிட ஒழுங்குமுறையைப் பெரிதாக எண்ணினான். அதே பதவியிலிருந்த யவீரு ஆண்டவரின் பாதத்தில் விழுந்தான். கொரிந்துவின் கிறிஸ்பு தன் வீட்டார் அனைவரோடும் விசுவாசித்தான். பதவியையே பழிப்பது திருமறைக்கு நேர்மையான விளக்கமன்று.

எனவே இறையியல் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை இப்பகுதியில் பிரசங்கிக்கும்போது ‘யூத குரு’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். ஜெப ஆலயத் தலைவனைச் சேகரக் குழுவின் முன்வரிசையில் உட்காரவையுங்கள். நம் ஆயர் இருக்கையிலும் ஒருமுறை உட்காரவையுங்கள். அப்பொழுது கூனியாயிருந்த பெண் நம் ஆலயத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று சபையார் தாமே திரும்பிப் பார்ப்பார்கள்.