முறுக்கா, தட்டா? மலை சைக்கிள் கியர் மாற்றிகள்: ஒரு மறுவிசாரணை

மலை சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் ட்விஸ்ட் ஷிஃப்டர் என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அதெல்லாம் மலிவு சைக்கிள்ல வர்றது சார், ட்ரிகர் எடுத்துக்கோங்க." கைப்பிடியை முறுக்கிக் கியர் மாற்றுவது ட்விஸ்ட். கைப்பிடிக்குக் கீழே இருக்கும் சின்ன லீவர்களைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தட்டி மாற்றுவது ட்ரிகர். வழக்கு முடிந்து தீர்ப்பும் வந்தாயிற்று என்கிற தோரணையில்தான் ஒப்பீடுகள் எழுதப்படுகின்றன.

தீர்ப்போடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. கல்லும் வேருமாக இருக்கும் சரிவில் இறங்குகிற பெரும்பாலானவர்களுக்கு ட்ரிகர்தான் சரி. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பாதி சரியில்லை. முடிவு சரியாத்தானே இருக்கு, காரணம் எப்படி இருந்தால் என்ன என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தக் காரணங்களை நம்பி ட்விஸ்டை ஒதுக்குகிறவர்களில் சிலருக்கு அதுதான் பொருத்தமான கருவி. அவர்களுக்காகத்தான் இந்த மறுவிசாரணை.

நிலையும் கட்டளையும்

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு முறுக்கிக் கியர் போடுவது புதுசு இல்லை. பழைய பஜாஜ் சேட்டக், வெஸ்பா ஸ்கூட்டர்களில் இடது கைப்பிடியைக் கிளட்ச்சோடு சேர்த்து முறுக்கித்தான் ஓட்டினோம். இப்போது எந்தக் கியரில் இருக்கிறோம் என்று பார்க்கக் கண் தேவைப்படாது. மணிக்கட்டு இருக்கும் கோணமே சொல்லிவிடும்.

ட்விஸ்டின் சாரம் இதுதான். கைப்பிடியின் ஒவ்வொரு கோணமும் ஒரு கியர். என் தொழில் பாஷையில் சொன்னால், மதிப்பை நேரடியாக எழுதுகிறோம்: "கியர் = 3". ட்ரிகர் அப்படி இல்லை. "ஒன்று கூட்டு", "ஒன்று கழி" என்று கட்டளை மட்டும் போகிறது. லீவர் தட்டியதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். நிலையை உள்ளே இருக்கும் ராட்செட் நினைவில் வைத்துக்கொள்கிறது, கை வைத்துக்கொள்வதில்லை.

இரண்டு அணுகுமுறைக்கும் விலை உண்டு. ட்விஸ்டில் ஒரே முறுக்கில் நான்கைந்து பல்சக்கரம் தாண்டலாம், அதுவும் இரண்டு திசையிலும். ட்ரிகரில் கட்டைவிரல் லீவரை நீளமாகத் தள்ளினால் சுலபமான கியர் பக்கம் பல படி போகலாம். எதிர்ப்பக்கம், அதாவது கேபிளை விடுவிக்கும் பக்கம், ஸ்ராம் ட்ரிகரில் ஒரு தட்டுக்கு ஒரு கியர்தான். ஷிமானோவின் உயர்வகையில் இரண்டு.

ஆனால் ட்விஸ்டில் பிடிப்பதும் கட்டளையிடுவதும் ஒரே கையின் ஒரே வேலையாக ஆகிவிடுகிறது. ட்ரிகர் இரண்டையும் பிரித்துவிடுகிறது. உள்ளங்கை பிடிக்கும், விரல் கட்டளையிடும். வழக்கு முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது என்பது என் வாதம்.

கொஞ்சம் வரலாறு

ஸ்ராம் என்கிற அமெரிக்க நிறுவனமே ட்விஸ்ட் ஷிஃப்டரில் இருந்து பிறந்ததுதான். 1987-ல் சிகாகோவில் தொடங்கினார்கள். 1988-ல் சாலை சைக்கிளுக்கு கிரிப் ஷிஃப்ட் வந்தது. 1991-ல் மலை சைக்கிளுக்கு வந்தது. எதிரே ஜப்பானின் ஷிமானோ. சந்தை கிட்டத்தட்ட அவர்கள் கையில். அவர்களுடைய ட்ரிகர் ரேபிட்ஃபயர். ஆரம்பத்தில் அதில் இரண்டு லீவரையும் கட்டைவிரலாலேயே அமுக்க வேண்டும். பலருக்கு அது பிடிக்கவில்லை. கட்டைவிரல் ஒன்று, ஆள்காட்டி விரல் ஒன்று என்று இன்று நாம் அறிந்த வடிவம் அதற்குப் பிறகு வந்த ரேபிட்ஃபயர் பிளஸ்ஸில்தான் அமைந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். சைக்கிள் கம்பெனி எல்லா பாகங்களையும் ஷிமானோவிடமே வாங்கினால் 10% தள்ளுபடி கிடைத்தது. ஷிஃப்டரை மட்டும் வேறிடத்தில் வாங்கினால் அந்தத் தள்ளுபடி போச்சு. லாபம் குறைவான தொழிலில் 10% சின்னத் தொகை இல்லை. ஸ்ராம் 1990-ல் வழக்குப் போட்டது. 1991-ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. அதன் பிறகுதான் கிரிப் ஷிஃப்ட் புது மலை சைக்கிள்களில் பரவலாக ஏறியது. ஆக, எது சிறந்தது என்பதைக் கைகள் முடிவு செய்வதற்கு முன்னால் விலைப்பட்டியல் முடிவு செய்துகொண்டிருந்தது. "சந்தையே ட்ரிகரைத் தேர்ந்தெடுத்தது" என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

முறுக்கு கைப்பிடி விட்டுச்சென்ற சொத்து ஒன்றும் இருக்கிறது. கைப்பிடியின் உள்ளே இருக்கும் உருளை பெரியது, அதனால் ஒரு கிளிக்குக்கு நிறைய கேபிளை இழுப்பது சுலபம். 1995-ல் ஸ்ராம் தன் சொந்த டெரெய்லரைக் கொண்டுவந்தபோது இதைப் பயன்படுத்திக்கொண்டது. 9 கியர் காலத்துக் கணக்கைப் பாருங்கள். ஒரு கியருக்கு ஷிமானோ இழுத்த கேபிள் சுமார் 2.5 மி.மீ. ஸ்ராம் இழுத்தது சுமார் 4 மி.மீ. சேற்றாலும் துருவாலும் கேபிளில் அரை மி.மீ. பிழை வருகிறது என்று வையுங்கள். ஷிமானோவில் அது ஐந்தில் ஒரு பங்கு, ஸ்ராமில் எட்டில் ஒரு பங்கு. பின்னாளில் ஸ்ராம் ட்ரிகர் செய்தபோதும் அதே இழுவையைத்தான் வைத்தது.

குற்றச்சாட்டுகள்

முதல் குற்றச்சாட்டு: "மலிவானது, சீக்கிரம் கெடும்." இது பெரும்பாலும் ஆரம்பநிலை கியர் சைக்கிள்களில் வரும் பிளாஸ்டிக் ட்விஸ்டைப் பார்த்துச் சொல்வது. அந்த சைக்கிளில் கேபிள் உறையும் மலிவு, டெரெய்லரும் மலிவு. துருப்பிடித்த உறைக்குள் கேபிள் நகர மறுத்தால் பழி கைப்பிடி மேல் விழுகிறது, ஏனென்றால் கையில் படுவது அதுதான். அதே சைக்கிளில் அதே விலைக்கு ஒரு ட்ரிகரை மாட்டினாலும் கதை மாறாது. 2012-ல் ஸ்ராம் உள்ளே பால் பேரிங் வைத்து உயர்வகை கிரிப் ஷிஃப்டை மறுபடி கொண்டுவந்தது. மலிவு என்பது ஒரு விலையைப் பற்றிய உண்மை. அந்த வடிவத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பழைய மாடல்களில் கேபிள் மாற்றுவது தலைவலி என்கிற புகார் மட்டும் நியாயம். பிரித்தால் ஸ்பிரிங் எங்கே போய் விழும் என்று தெரியாது.

இரண்டாவது: "தெரியாமல் கியர் மாறிவிடும்." குதித்து இறங்கும்போது மணிக்கட்டு திரும்பி, கூடவே கியரும் மாறலாம். உண்மைதான், ஆனால் அளவுக்கு மீறிப் பெரிதாக்கப்பட்ட உண்மை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் நீனோ ஷுர்ட்டர் பல பந்தயங்களில் கிரிப் ஷிஃப்டோடு ஓட்டியவர். உலகின் மிகக் கரடான பந்தயப் பாதைகளில் ஒருவருக்கு அது ஒத்துவருகிறது என்றால், "மலைக்கு லாயக்கில்லை" என்பது பொது விதி ஆகாது.

மூன்றாவது குற்றச்சாட்டை ஒப்பீடுகளில் அதிகம் பார்ப்பதில்லை, ஆனால் என் கணக்கில் அதுதான் நிற்கிறது: பிரேக்கும் கியரும் ஒரே நொடியில் தேவைப்படும் கட்டம். ஒரு சரிவின் முடிவில் திடீரென்று ஏற்றம் வருகிறது. வேகத்தைக் குறைத்துக்கொண்டே சுலபமான கியருக்கு வரணும். ட்ரிகரில் ஆள்காட்டி விரல் பிரேக்கில், கட்டைவிரல் லீவரில், மற்ற மூன்று விரலும் உள்ளங்கையும் பிடியில். ஒருவர் வேலையில் இன்னொருவர் குறுக்கிடுவதில்லை. ட்விஸ்டில் பிரேக்கைப் பிடித்திருக்கும் அதே கை சுழலணும். சுழலும்போது பிரேக் விரலின் அழுத்தம் கூடும் அல்லது குறையும். ஈரமான கல் மேல் அழுத்தம் ஒரு கணம் கூடினால் முன்சக்கரம் வழுக்கும். அதுக்கப்புறம் கியரைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது. பிடிப்பும் கட்டளையும் ஒன்றாக இருப்பதன் விலை இங்கேதான் கேட்கப்படுகிறது. பழக்கத்தால் இதைக் குறைக்கலாம், இல்லாமல் ஆக்க முடியாது.

ட்விஸ்டின் சாட்சிகள்

ட்விஸ்டின் மிக வலுவான வாதம் இடது கையில் இருந்தது. முன்னால் மூன்று பல்சக்கரம் இருந்த காலத்தில், செயின் முன் டெரெய்லரில் உரசினால் கைப்பிடியை ஒரு சின்ன கிளிக் நகர்த்திச் சரிசெய்யலாம். ட்ரிகரில் அந்த நெகிழ்வு குறைவு. 2012-ல் முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 11 என்று ஸ்ராமே எக்ஸ்எக்ஸ்1-ஐ வெளியிட்டது. முன் டெரெய்லர் போனதோடு அந்த வாதமும் போனது. தன் முதல் குழந்தையின் காலை ஸ்ராமே வாரிவிட்ட கதை இது.

அடுத்த சாட்சி ஜெர்மனியின் ரோலோஃப் 14 கியர் ஹப், 1998-ல் வந்தது. இதோடு கொடுத்தது முறுக்கு கைப்பிடியைத்தான். காரணம் அழகானது. ட்ரிகர் என்பது ஒரு பக்கம் விரல் இழுக்க, மறுபக்கம் டெரெய்லரின் ஸ்பிரிங் திருப்பி இழுக்கும் ஏற்பாடு. ரோலோஃபில் திருப்பி இழுக்க ஸ்பிரிங் கிடையாது. இரண்டு கேபிள். ஒன்று ஒரு திசைக்கு, மற்றது எதிர்த் திசைக்கு. நம்ம சேட்டக்கிலும் அதே இரண்டு கேபிள் ஏற்பாடுதான். அப்படிப்பட்ட இயந்திரத்துக்குச் சுழற்சிதான் இயல்பு.

மூன்றாவது சாட்சியைத்தான் யாரும் அழைப்பதில்லை: கை. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஐம்பதைத் தாண்டியதும் வலது கட்டைவிரலின் அடி மூட்டில் தேய்மானம். ட்ரிகரின் தள்ளும் லீவர் துல்லியமாக அந்த மூட்டின் மேல்தான் வேலை வைக்கிறது. ஒரு மணி நேர சவாரியில் எத்தனை முறை அதைத் தள்ளுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். சைக்கிளையே விட்டுவிடும் யோசனையில் இருந்தவர் அவர். ட்விஸ்ட் மாற்றினதும் அந்தச் சுமை உள்ளங்கைக்கும் முன்கைக்கும் பிரிந்துவிட்டது. ஓட்டிக்கொண்டிருக்கிறார். இதுவே மணிக்கட்டில் வலி இருப்பவர் என்றால் நேர் எதிர். அவருக்கு ட்ரிகர்தான் மருந்து. சின்னக் குழந்தைகளுக்கும் ட்விஸ்ட் சுலபம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. கேபிள் இறுக இறுகக் கைப்பிடியைத் திருப்ப அந்தப் பிஞ்சுக் கைக்கு பலம் போதாமல் போகும்.

அப்போ எதை வாங்குவது?

கடையில் சைக்கிளைச் சும்மா சுற்றி ஓட்டிப் பார்ப்பதில் இது தெரியாது. மூன்று சோதனை செய்யுங்கள். ஒன்று, ஓட்டிக்கொண்டே வலது பிரேக்கை லேசாகப் பிடித்தபடி இரண்டு கியர் மாற்றுங்கள். பிரேக் அழுத்தம் ஆடுகிறதா என்று பாருங்கள். இரண்டு, சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றச் சொல்லி, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே முழு வீச்சும் இருபது முறை போய் வாருங்கள். கடைசி ஐந்தில் எந்த மூட்டு முனகுகிறது என்று கவனியுங்கள். மூன்று, நீங்கள் வழக்கமாகப் போடும் கையுறையோடு, கையை நனைத்துக்கொண்டு செய்து பாருங்கள். வியர்வையில் வழுக்கும் ரப்பர் மலையில் உதவாது.

கல்லும் இறக்கமும் உங்கள் பாதை என்றால், கைகள் நலமாக இருந்தால், ட்ரிகர். நீண்ட ஏற்றம், மண் சாலை, பயணம் என்றால் ட்விஸ்ட் சமமான போட்டியாளர். கட்டைவிரல் மூட்டில் பிரச்சினை என்றால் மற்றவர்கள் சொல்வதைக் கேட்காமல் ட்விஸ்டை முயன்று பாருங்கள். மாற்றும்போது ஒரு எச்சரிக்கை: ஷிஃப்டர் இழுக்கும் கேபிள் அளவும் டெரெய்லர் எதிர்பார்க்கும் அளவும் ஒன்றாக இருக்கணும். பெட்டியில் "9 கியர்" என்று போட்டிருப்பது மட்டும் போதாது. மேலே சொன்ன 2.5, 4 மி.மீ. வித்தியாசம் இங்கேதான் காலை வாரும்.

இப்போது கம்பியில்லாக் கியர்கள் வந்துவிட்டன. ஸ்ராம் 2019-ல் மலை சைக்கிளுக்குக் கொண்டுவந்த மின்னணு அமைப்பில் விரலால் தட்டும் கட்டுப்பாடுதான். கேபிள் இழுக்கவே வேண்டாம் என்று ஆனபின் பலம் ஒரு கேள்வியே இல்லை. சமிக்ஞை எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். முறுக்கு, பொத்தான், முழங்கை என்று எதையும் கட்டளையாக்கலாம். எல்லா கைகளுக்கும் இடம் கொடுக்கக்கூடிய தொழில்நுட்பம் வந்த நேரத்தில் பெட்டிக்குள் ஒரே மாதிரிக் கைக்கான கருவியை வைத்து விற்கிறார்கள். தப்பான காரணங்களோடு எழுதப்பட்ட சரியான தீர்ப்பு செய்யும் சேதம் இதுதான்: "மலிவு, லாயக்கில்லை" என்று மூடிய கோப்பை வடிவமைப்பாளர்களும் திறந்து பார்ப்பதில்லை.