எள்ளலின் இரு முகங்கள்: ஊர்தோறும் செல்லும் நகைச்சுவை அரங்கு பற்றிய ஒரு நோக்கு

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டினுள் நகையை முதலாவதாக வைத்தார்; அந்நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாகக் கூறினார். இதற்கு உரை வகுத்த பேராசிரியர் எள்ளலை இரு வகையாகப் பிரித்துக் காண்பர். எள்ளுபவனிடத்துத் தோன்றும் நகை ஒன்று. எள்ளப்படுபவனிடத்துத் தோன்றும் நகை மற்றொன்று. நகைச்சுவை நாடகங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதலாவதனையே கருத்திற் கொள்வர். அவை எத்தனை தடவை சிரித்தது என்பதே அவர்களது அளவுகோல். ஆனால் ஊர் ஊராகச் சென்று ஆடும் சிறு நாடகக் குழுவொன்றை மதிப்பிடுவதற்கு இரண்டாவதே தகுந்த உரைகல் என்பது இக்கட்டுரையின் துணிபு. நகர மண்டபத்தில் எள்ளப்படும் மனிதன் பெரும்பாலும் அவையில் இருப்பதில்லை. ஊருக்குள் அரங்கு சென்றதும் அவன் முன்வரிசையிற் பாய் விரித்து அமர்ந்திருக்கிறான்.

நமது கூத்து மரபு இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தது. கட்டியகாரன், பறையறைவோன், கோமாளி முதலிய பாத்திரங்கள் அரசனின் முன்னிலையில் ஊரவரின் பேச்சிற் பேசின. செந்தமிழ் விருத்தம் பாடிய மன்னனுக்குக் கொச்சைத் தமிழில் மறுமொழி கூறும் உரிமை அவற்றுக்கு இருந்தது. அந்த ஓரிரவுக்கேனும் சிரிப்பு கீழிருந்து மேல்நோக்கிச் சென்றது.

இவ்வுரிமையை நவீன நாடகத்துக்குக் கொணர்ந்தவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. 1940 இல் வெளிவந்த அவரது ‘நானாடகம்’ தொகுப்பிலுள்ள நாடகங்கள் யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் அமைந்தவை. பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களின் மேடைக்கென எழுந்தவை. அவற்றுள் ‘உடையார் மிடுக்கு’ சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது. ஆங்கிலேயர் ஆட்சியிற் கிராமத்து அதிகாரத்தின் உருவமாக விளங்கியவர் உடையார். அவரது மிடுக்கையே நகைப்பொருளாகக் கொண்டமை தற்செயலானதன்று. பேச்சுத் தமிழ் ஏவலாளருக்கும் கோமாளிக்கும் மாத்திரமே உரியது என்ற எண்ணத்தையும் இந்நாடகங்கள் தகர்த்தன. எல்லோரும் ஊர்ப் பேச்சையே பேசும்போது, பேச்சு சிரிப்புக்குரியதாக இருப்பதில்லை, நடத்தையே சிரிப்புக்குரியதாகின்றது.

வானொலி வழியே வளர்ந்த நகைச்சுவை வேறொரு பாதையிற் சென்றது. எஸ். ராமதாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’ பின்னர் 1976 இற் ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாகவும் வந்தது. ராமதாஸ் மரிக்காராகவும், ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், செல்வசேகரன் உபாலியாகவும், அப்துல் ஹமீத் ஐயராகவும் அதிற் பேசினர். இங்கு சிரிப்பின் ஊற்று, பேச்சு வழக்குகளின் வேறுபாடே. ஓரினத்தைச் சேர்ந்தவர் பிறிதோரினத்தவராக நடித்தமையும், எவரும் தப்பாமல் எல்லா வழக்குகளும் கேலிக்குள்ளானமையும் இம்முயற்சிக்கு ஒருவகைச் சமநிலையை அளித்தன. எனினும், இதனைப் பின்பற்றிய மேடைத் துணுக்குகள் பலவற்றில் அச்சமநிலை காணப்படவில்லை. மற்றவனின் உச்சரிப்பு மாத்திரமே எஞ்சியது.

இவற்றினின்று வேறுபட்டது கே. எஸ். பாலச்சந்திரனின் (1944–2014) ‘அண்ணை றைற்’. ஊருக்குச் செல்லும் அரங்கின் இலக்கணம் முழுவதும் இத்தனிநபர் ஆற்றுகையில் அடங்கியுள்ளது எனலாம். காட்சித் திரை இல்லை; உடன் நடிப்போர் இல்லை; பஸ்ஸும் இல்லை. கொண்டக்டர் ஒருவரின் குரலும் உடலும் மாத்திரமே உள. பிரயாணிகளை நாம் காண்பதில்லை. அவர்களுக்கு அவர் கூறும் மறுமொழிகளிலிருந்து அவர்களை நாமே உருவாக்கிக் கொள்கிறோம். பள்ளிக்கூட மண்டபமாயினும் கோயில் வீதியாயினும் இதனை நிகழ்த்துவதற்குத் தடையில்லை. சிக்கனம் இங்கு வறுமையன்று, கலைமுறை. அதனினும் முக்கியமானது, நெரிசல் மிகுந்த பஸ்ஸில் ஏறாதவர் அவையில் ஒருவருமில்லை என்பது. சிரிப்பவர் தம்மையே அதிற் காண்கிறார். பேராசிரியர் சுட்டிய இரண்டாவது வகை நகை இங்கு இயல்பாகவே பிறக்கின்றது.

1983 இன் பின்னர் நமது அரங்கு ஊர்களை நோக்கிச் சென்றபோது நகையைத் துணைக்கொண்டு செல்லவில்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ (1985) குடாநாட்டுக் கிராமங்களிற் பெற்ற வரவேற்புக்கு அதன் அவலமே காரணம். காலம் அதனை வேண்டி நின்றது. அதிற் குறை காண்பதற்கில்லை. ஆயினும் அவலம் மக்களிடம் சென்றது, நகைச்சுவை விழா மேடையிற் தங்கிவிட்டது என்ற பிரிவினை அக்காலத்தில் உறுதிப்பட்டது. அவலமும் அங்கதமும் ஒன்றையொன்று விலக்க வேண்டியவையல்ல. இத்தாலிய நாடகாசிரியர் தாரியோ ஃபோ, காவல் நிலையத்தில் நிகழ்ந்த உண்மைச் சாவொன்றைப் பின்னணியாகக் கொண்டு 1970 இல் ஒரு கேலி நாடகத்தையே ஆக்கினார். அவரது குழு தொழிலாளரிடையே சென்று ஆடியது.

இனி வன்னிக்கு வருவோம். கண்டி வீதியிற் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே அமைந்த கனகராயன்குளத்தை உதாரணமாகக் கொள்ளலாம். 1997 இல் தொடங்கிய ‘ஜயசிக்குறு’ படை நடவடிக்கையும் பின்னர் இறுதிப் போரும் இப்பகுதி மக்களை இடம்பெயரச் செய்தன. வன்னியிற் பரம்பரைக் குடிகளோடு, குடாநாட்டிலிருந்து காணி தேடி வந்தோரும், 1977 வன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியோரும் வாழ்கின்றனர். இத்தகைய அவையின் முன்னே, மலையகப் பேச்சுப் பேசும் வேலைக்காரன் கோமாளியாக வரும் குடாநாட்டு நாடகமொன்றை ஆடினால் என்ன நிகழும்? அவையின் ஒரு பகுதி சிரிக்கும். மற்றொரு பகுதி தலைகுனியும். அயலவர் இருவரை ஒரே பாயிலிருந்து பிரித்துவிட்டு அக்குழு அடுத்த ஊருக்குச் சென்றுவிடும்.

போருக்குப் பின்னர் நிறுவனங்களின் ஆதரவில் வந்த விழிப்புணர்வு நாடகங்கள் பலவற்றையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தல் தகும். குடிகாரக் கணவன், எழுத்தறியாக் கிழவி, யாவும் அறிந்த அலுவலர் என்னும் அச்சிலேயே அவை வார்க்கப்பட்டன. ஊரவரின் அறியாமை நகைப்புக்குரியது. அலுவலரின் அறிவு வணக்கத்துக்குரியது. இது கூத்துக் கோமாளியைத் தலைகீழாக நிறுத்தியதாகும். ஒரே விபரத்தைப் பத்துப் படிவங்களில் நிரப்பி, கந்தோர் கந்தோராக அலைந்த மக்களின் முன்னே, அப்படிவத்தை அல்லவா நகைப்பொருளாக்கியிருத்தல் வேண்டும்?

ஆகவே, வன்னியில் நகைச்சுவை நாடக விழா நடத்த விழைவோர் விழாவை நகரத்துக்கு அழையாது ஊர்களுக்கு அனுப்புதல் வேண்டும். காலபோக அறுவடை முடிந்து கையோய்ந்திருக்கும் நாட்கள் அதற்கு ஏற்றவை. நான்கைந்து நடிகர், வட்டக்களரி, ஒரு மேளம், அரைமணி நாடகங்கள் சில ஆகியன போதும். எழுத்துப் பிரதிக்கு முன்னர் அவ்வூரின் பேச்சையும் அதன் மனக்குறைகளையும் குழுவினர் கேட்டறிதல் இன்றியமையாதது.

இழந்தவர்களிடம் சிரிப்பைக் கொண்டு செல்வது தகுமோ எனச் சிலர் வினவுவர். இழந்தவர் தம்முட் சிரிக்காமலிருக்கவில்லை. முகாமின் வரிசைகளிலும் அவர்களிடம் கேலி இருந்தது. அதனை அவர்களிடமிருந்து பெற்று, அவர்கள் முன்னிலையிலேயே உரிய இடத்தை நோக்கித் திருப்பிவிடுதலே அரங்கின் பணி. எள்ளப்படுபவனும் கூடச் சிரிக்கும் நாடகம் ஊரை ஒன்றாக்கும். அவனைத் தலைகுனியச் செய்யும் நாடகம், எத்தனை கரவொலி பெற்றாலும், அவ்வூருக்கு வந்திருக்க வேண்டியதில்லை.