கால் மில்லிமீட்டர் இடைவெளி

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வீட்டு ஷெட்டில் வைத்துப் பராமரிப்பவர்களுக்கு ஒரு தனிச் சுகம் உண்டு. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டுகளும் சேர்ந்தே முன்பக்கம் சாய்ந்துவிடும். முன் டயரின் மேல் உட்கார்ந்தபடி வேலை பார்க்கலாம். குளிர்ந்த எஞ்சினின் ராக்கர் மூடியைக் கழற்றியதும் பழைய ஆயில் வாடை எழும். உள்ளே எட்டு வால்வுகளும் பளபளவென்று வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் முனைக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடவேண்டிய டேப்பெட் இடைவெளி கால் மில்லிமீட்டர்தான்.

ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடு அளந்தாலும் தீர்ப்புச் சொல்வது விரல். தகடு வழுக்கிக்கொண்டு போனால் தளர்வு, சிக்கினால் இறுக்கம். ஈரக் காகிதத்தை மேஜையிலிருந்து இழுப்பதுபோல லேசாகப் பிடித்துக்கொண்டே வரவேண்டும். அந்தப் பிடி கிடைத்ததும் லாக் நட்டை முறுக்கினால் இடைவெளியைச் சரிசெய்யும் திருகும் கூடவே இம்மியளவு நகர்ந்துவிடும். ஸ்க்ரூடிரைவரால் அதை அசையாமல் நிறுத்தி, நட்டை இறுக்கி, மறுபடியும் தகட்டை நுழைத்துப் பார்ப்பார்கள். எட்டு முறையும் இப்படித்தான். அவசரப்படாத அந்தக் கைகளை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் கடகடப்பு போய்ச் சீரான மெல்லிய டிக்டிக் மட்டும் கேட்கும். அதையும் அடக்க நினைத்து இன்னும் இறுக்கிவிடாதீர்கள். வால்வு முழுதாக மூடாமல் கருகிப்போகும்.