சுவரும் களரியும்: ஊரைத் திருத்த வரும் கலை பற்றிச் சில குறிப்புகள்

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்க ஒரு சுவரோவிய அலை எழுந்தது. பொடியன்மாரும் பெட்டையளும் பெயின்ற் வாளியோடு வீதிக்கு வந்தார்கள். போஸ்டர் ஒட்டியும் வெற்றிலை துப்பியும் நாறிக் கிடந்த மதில்கள் ஒரு சில கிழமைக்குள் நிறம் மாறின. மன்னர்கள், போர்வீரர்கள், யானைகள், குளக்கட்டுகள், வயல்கள் என்று படங்கள் வந்தன. பத்திரிகைகள் புகழ்ந்தன, ஊராக்கள் சோடாவும் பணிசும் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த இளைஞர்களின் உழைப்பையோ நல்லெண்ணத்தையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், அந்த மதில்களில் எதை வரையலாம் என்று யார் யாரிடம் கேட்டார்கள்? வாள் பிடித்த மன்னனைப் பார்த்து அந்த வீதியால் போகிற எல்லோரும் ஒரே மாதிரித்தான் பெருமைப்படுவார்களா? இந்தக் கேள்விகள் அப்போது அதிகம் எழவில்லை. மழைக்குப் பெயின்ற் உரிந்த பிறகு மதிலுக்குக் கீழே அதே குப்பைதான் கிடந்தது.

நொடிந்துபோன நகரங்களுக்குள் கலைஞர்கள் குழுவாக இறங்கி, ஒரு படைப்பு வேலையின் ஊடாகக் குடிமக்களை விழிக்கச் செய்யலாம் என்ற எண்ணம் இன்று உலகமெங்கும் இருக்கிறது. இலங்கைக்கும் அது புதிதல்ல. 2000 ஆம் ஆண்டு கொழும்பில் தொடங்கிய 'தீர்த்த' கலைஞர் கூட்டமைப்பு இருக்கிறது. பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ. பெரேராவும் தொடக்கிய 'ஜன கரலிய', அதாவது 'மக்கள் களரி', கூடாரத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நடிகர்களைக் கொண்டு நாடகம் போட்டது. இவற்றை நாம் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் எடைபோடுகிறோம். படைப்பு அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். இல்லாவிட்டால், கருத்து நல்லதா என்று பார்க்கிறோம். இரண்டும் போதாது என்பதே என் எண்ணம். ஊரைத் திருத்த வருகிற கலையிடம், அந்தக் கலையைத் திருத்த ஊருக்கு உரிமை இருந்ததா என்று கேட்க வேண்டும்.

இதை எனக்கு விளங்கப்படுத்தியது மட்டக்களப்புச் சீலாமுனையில் நடந்த கூத்து மீளுருவாக்கம். கிழக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சி. ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' குழுவினரும் 2000 களின் தொடக்கத்தில் அந்தக் கிராமத்து ஆக்களோடு சேர்ந்து செய்த வேலை அது. அதன் அருமை விளங்க, அதற்கு முந்திய கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1960 களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடியது, ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் படச்சட்ட மேடைக்கு வந்தது. 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று பெரும் தயாரிப்புகள் உருவாகின. படித்த தமிழர் கூத்தை மதிக்கத் தொடங்கியது அதனாலேதான். பேராசிரியர் சி. மௌனகுரு அந்த வழியை மேலும் செழுமைப்படுத்தினார். அந்தப் பங்களிப்பை யாரும் மறுக்க ஏலாது.

ஆனால் ஜெயசங்கர் வேறொரு பக்கத்திலிருந்து கேட்டார். கூத்தை ஊரிலிருந்து எடுத்துச் செம்மையாக்கி நகரத்துக்குக் காட்டலாம், சரி. ஊரில் மிஞ்சிய கூத்துக்கு என்ன நடந்தது? அதை ஆடுகிற ஆக்கள் வெறும் தகவல் தருகிறவர்கள்தானா? அதனால் சீலாமுனையில் வேலை மேடையில் தொடங்கவில்லை, பேச்சில் தொடங்கியது. ஏட்டில் உள்ள பாட்டில் பெண்ணை இழிவாகச் சொல்லுகிற இடம், சாதியைக் கேலி செய்கிற இடம், அரசன் செய்தால் எல்லாம் நியாயம் என்கிற இடம் ஆகியவற்றை அண்ணாவியாரும் ஆடுகிறவர்களும் பார்க்கிறவர்களும் கூடியிருந்து கதைத்தார்கள். எதை மாற்றுவது, எதை மாற்றாமல் விடுவது, மாற்றினால் தாளம் நிற்குமா என்றெல்லாம் தர்க்கித்தார்கள். சட்டங் கொடுத்தல், களரியடித்தல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று மாதக்கணக்கில் நீளுவது கூத்து. அந்த நீட்சிதான் ஊர் கூடிக் கதைக்க இடம் கொடுத்தது. மேடைக்காகக் கூத்தைச் சுருக்குகிறபோது நேரத்தோடு சேர்ந்து இந்த இடமும் போய்விடுகிறது.

யுத்தத்துக்கு நடுவே இருந்த ஒரு கிராமத்தில், துவக்கு வைத்திருப்பவர் சொன்னதே முடிவாக இருந்த காலத்தில், ஒரு பாட்டின் நாலு அடிக்காக ஆக்கள் இருந்து வாதாடுவது சின்ன விசயமல்ல. குடியியல் பாடப் புத்தகத்தில் நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற 'பங்கேற்பு' என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதில் எனக்கு ஒரு குறையும் தெரிகிறது. மீளுருவாக்கம் ஒரு ஊருக்குள்ளே நடந்த உரையாடல். கிழக்கின் பெரிய காயம் ஊருக்கும் ஊருக்கும் இடையில், தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் இருப்பது. ஒரு பாரதக் கதையின் களரியில் நாம் பார்வையாளராக நிற்கலாம், மதிக்கலாம். ஆனால் திருத்துகிற உரிமை நமக்கு வராது, வரவும் தேவையில்லை. 1996 இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே வளவுக்குள் கூட்டி வந்து களிமண்ணும் நிறமும் கதையும் கொடுத்தது. யுத்தத்தில் வாடிய பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனாலும் அது பூங்காதான். வேலிக்கு வெளியே காணிச் சண்டையும் எல்லைச் சண்டையும் நடத்தியவர்கள் பெரியாக்கள்.

நம்மட சமூகத்துக்குள்ளே இருந்தே ஒரு உதாரணம் சொல்லலாம். 2020 ஏப்ரல் 11 ஆம் திகதி வர்த்தமானி கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்றது. டிசம்பரில், பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் சிசு கொழும்பில் எரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு பொரளை கனத்தை மயானத்தின் தகனசாலை வேலியில் ஆக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். இரவோடிரவாக அவை கழற்றப்பட்டன. அதன் பிறகு நாட்டின் பல இடங்களிலும் வெள்ளைத் துணி தோன்றியது. அதற்கு மேடையில்லை, பிரதம அதிதியில்லை, ஓவியர் கையெழுத்துமில்லை. எந்த மதத்தவரும் வந்து ஒரு துண்டைக் கட்டிவிட்டுப் போகலாம், போனார்கள். முஸ்லிமுக்கு அது கபன், தாய்க்கு அது பிள்ளையின் துணி, பௌத்தருக்கு அது மரண வீட்டுக் கொடி. இத்தனை அர்த்தத்துக்கும் இடம் விட்டதே அதன் பலம். துணிதான் சட்டத்தை மாற்றியது என்று சொல்வது மிகை. ஜெனீவா அமர்வும் 2021 பெப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமரின் வருகையும் அதில் இருந்தன. அந்த மாதக் கடைசியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச் 5 ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. ஆனால் 'இது முஸ்லிம்களின் பிரச்சினை' என்றிருந்ததை 'இது எங்கட நாட்டின் வெட்கம்' என்று பலரைச் சொல்ல வைத்ததில் அந்தத் துணிக்குப் பங்குண்டு.

இனிக் கல்முனைக்கு வருவோம். நம்மட கரையோரத்துக்குக் கலைஞர் பஞ்சமில்லை. எம்.ஏ. நுஃமான், மருதூர்க் கொத்தன், சோலைக்கிளி, அனார் என்று தமிழுலகம் முழுக்கத் தெரிந்த பெயர்கள் சில மைல் தூரத்துக்குள் பிறந்தவை. உமா வரதராஜனும் கல்முனைக்காரர்தான். தமிழ்ப் படைப்பாளியும் முஸ்லிம் படைப்பாளியும் ஒரே தேத்தண்ணிக் கடையில் இருந்து இலக்கியம் கதைத்த ஊர் இது. அதே ஊரில் பிரதேச செயலகம் ஒன்றா இரண்டா என்று 2019 இல் உண்ணாவிரதம் நடந்தது, எதிர்ப் போராட்டமும் நடந்தது. சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டும் என்ற கோரிக்கை 2018 உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு சுயேச்சைக் குழுவை வெல்ல வைத்தது. 2020 பெப்ரவரியில் வர்த்தமானியில் அந்தச் சபை வந்து, சில நாளிலேயே நிறுத்தப்பட்டது. 1987 க்கு முன் இங்கே நாலு சபைகள் இருந்தன என்பதைச் சிலர் நினைவூட்டுகிறார்கள். சிலர் மறக்கச் சொல்லுகிறார்கள். யாருடைய வாதம் சரி என்பதை இங்கே நான் எடுக்கவில்லை. இத்தனை வருட எல்லைத் தகராற்றில் நம்மட கலை இலக்கிய அமைப்புகள் எங்கே நின்றன என்பதே என் கேள்வி.

பொன்னாடைக்குப் பக்கத்தில் நின்றன என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நூல் வெளியீடு, கவியரங்கு, கௌரவிப்பு என்று வருடம் முழுக்க நிகழ்ச்சிகள் நடக்கின்றன. முன்வரிசையில் அரசியல்வாதி இருப்பார், முதற்பிரதி வாங்குவார். அவரை வைத்துக்கொண்டு குப்பை ஏன் கடற்கரையில் கொட்டுப்படுகிறது என்று எந்தக் கவிஞர் கேட்பார்? கவியரங்கில் சமாதானம் பற்றிப் பாடுவார், காஸா பற்றிப் பாடுவார், அதெல்லாம் பாடத்தான் வேண்டும். சொந்த ஒழுங்கையின் வடிகான் மட்டும் கவிதைக்குள் வராது. நம்மட ஆக்கள் தனித்தனியே பெரிய கவிஞர்கள். கூடி ஒரு வேலை செய்கிற பழக்கம்தான் குறைவு.

மார்க்கத்தைக் காரணம் காட்டுகிறவர்கள் உண்டு. உருவம் வரையலாமா, இசை கூடுமா, பெண்கள் மேடை ஏறலாமா என்று. இந்தக் கேள்விகளை நான் எள்ளவில்லை, அவை நம்மட சமூகத்தில் நேர்மையாகக் கேட்கப்படுகிறவை. ஆனால் ஊரைப் பற்றிப் பேசுகிற கலைக்கு இவை தடையல்ல. வேலியில் கட்டிய துணிக்கு உருவமுமில்லை, இசையுமில்லை. களிகம்பு பழக்குகிறவரை அண்ணாவியார் என்றுதான் நம்மட ஆக்களும் சொல்லுவார்கள். வயல்வெளிப் பெண்கள் கட்டிய கவிகளை நிந்தவூர் எஸ். முத்துமீரான் தேடித் தொகுத்தார். ஊர்ப் பெரியவரைக் குத்திக் காட்டுகிற துணிவு அந்தக் கவிகளில் உண்டு. அவற்றை இன்று பாடசாலைப் போட்டிக்கு மட்டும் ஆடுகிறோம், பாடுகிறோம். மூன்று நடுவர், ஏழு நிமிடம், ஒரு சான்றிதழ். கூத்துக்குப் படச்சட்ட மேடை செய்ததை நாம் களிகம்புக்குச் செய்துகொண்டிருக்கிறோம்.

பேச்சு எங்கே போய் முடிய வேண்டும் என்பதற்கு பிரேசிலின் அகஸ்தோ போவால் ஒரு வழி காட்டினார். பார்வையாளர் எழுந்து வந்து நாடகத்தை மாற்றி நடிக்கும் விவாத அரங்கை உருவாக்கியவர் அவர். 1992 இல் ரியோ டி ஜெனிரோ நகர சபைக்குத் தெரிவானார். சேரிகளிலும் சங்கங்களிலும் நாடகம் போட்டு, ஆக்கள் எழுந்து வந்து சொன்ன தீர்வுகளைச் சபைக்குச் சட்டமூலங்களாகக் கொண்டுபோனார். அப்படி 13 சட்டங்கள் நிறைவேறின. மாநகர ஆஸ்பத்திரிகளில் முதியோருக்கான சிகிச்சை பற்றியது அவற்றில் ஒன்று. கைதட்டல் அங்கே முடிவாக இருக்கவில்லை. நாடகத்துக்குப் பிறகு ஒரு தாள் சபைக்குப் போனது.

நம்மட கரையில் இதற்குப் பொருத்தமான வேலை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் இடம்பெயர்ந்த ஆக்களைக் கேட்டு, அவர்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் செய்தார். அப்படிச் சேர்த்த 80 வீடுகள் 2011 இல் 'இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூலாக வந்தன. ஒல்லாந்தர் காணிக்கு எழுதிய தோம்பு அரசாங்கத்தின் கணக்கு. இது ஆக்களின் கணக்கு.

சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் 10,000 பேருக்கு மேல் மௌத்தானார்கள். கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள், பிறகு தளர்த்தினார்கள். மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயரே '65 மீற்றர்' என்றாகிவிட்டது. சட்டத்தின் அளவுகோல் ஊரின் பெயராகியிருக்கிறது. நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள் இனக் கணக்கில் சிக்கி, நீதிமன்றம் போய், ஆளில்லாமல் கிடந்து பாழாகின. ஆனால் அந்த அலைக்கு முன்னே கடற்கரையில் எந்த வீடு எங்கே இருந்தது, யாருடைய கிணற்றில் யார் தண்ணி அள்ளினார்கள், தோணி எங்கே ஏற்றினார்கள், தமிழ் வீட்டுக்கும் சோனக வீட்டுக்கும் நடுவே எந்த வேலியில் கடப்பு இருந்தது என்பது எந்தச் செயலகக் கோப்பிலும் முழுமையாக இல்லை. அது 50 வயது தாண்டிய உம்மாமாரின் நினைவில் இருக்கிறது. அவர்களும் ஒவ்வொருவராகப் போகிறார்கள்.

பாண்டிருப்பிலிருந்து சாய்ந்தமருது வரை அந்தத் தோம்பை வரையலாம். ஓவியம் படித்த நம்மட இளைஞர்கள் தாளையும் பென்சிலையும் கொண்டு போகட்டும், வரைகிற கை உம்மாவுடையதாக இருக்கட்டும். பக்கத்து வீட்டார் வந்து "வேலி அங்கே இல்லை, இங்கே" என்று திருத்தட்டும். அந்தத் திருத்தத்துக்காகவே இதைச் செய்ய வேண்டும். முடிந்ததும் பொன்னாடை இல்லாமல், இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து அதை மாநகர சபையின் மேசையில் வைக்கட்டும். எல்லைத் தகராறு அதனால் தீரும் என்று நான் சொல்ல வரவில்லை. யாருடைய எல்லை என்று சண்டை பிடிக்கிற மண்ணில் யார் யார் சேர்ந்து வாழ்ந்தோம் என்ற தாளும் அந்த மேசையில் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டுதான் இனி அவர்கள் கதைக்க வேண்டிவரும்.